சுவரில் இருந்த ழகரம்



உங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துப் பட்டணத்தில் பழைய கடைவீட்டு வரிசை ஒன்று கட்டாயம் இருக்கும். சம்பளம் போட்டு அங்கே சாமான் வாங்கப் போகும்போது, ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கி மாடிச் சுவரைப் பாருங்கள். சன்னல் பலகைகளுக்கு மேலே, கூரைக்குக் கீழே, சாந்தில் எடுத்த பூவேலையும் ஓர் ஆண்டும் தெரியும். 1928, 1934, 1939 என்று ஏதாவது ஒன்று இருக்கும். சில சுவர்களில் முதலாளியின் பெயரும் இருக்கும். நாம் பெரும்பாலும் மேலே பார்ப்பதில்லை. கடைக்குள் அரிசி என்ன விலை என்பதுதான் நமக்குக் கவலை. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

நான் எழுத்துப் படித்தது பள்ளிக்கூடத்தில் பாதி, அப்படிப்பட்ட ஒரு சுவரில் பாதி. என் அப்பா பால் மரம் வெட்டியவர். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு என்னைச் சைக்கிளின் முன் கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு, ஆறு கட்டை தூரம் மிதித்துப் பட்டணத்துக்குப் போவார். நாங்கள் சாமான் வாங்கிய மளிகைக் கடையின் மாடிச் சுவரில், முதலாளியின் தாத்தா பெயர் தமிழில் சாந்து எழுத்துகளாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் என் கை நீளம். அதன் கீழே 1936. கடையில் கூட்டம் குறையும்வரை, எதிர்ப்பக்கத்து அஞ்சடியில் நின்றுகொண்டு அப்பா என்னை எழுத்துக் கூட்டச் சொல்வார். அந்தப் பெயரின் நடுவில் ஒரு 'ழ' இருந்தது. அப்பாவுக்கு அது வாயில் வராது. "அதை மட்டும் டீச்சர்கிட்ட கேட்டுக்க" என்பார். அவருக்கு வராத எழுத்தை நான் சொன்ன நாளில் ஐந்து காசு மிட்டாய் ஒன்றுக்குப் பதில் இரண்டு வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் கடையைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு ஒரு தடவை காலில் புண் வந்து நான்கு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. அந்த நான்கு மாதமும் எங்கள் 555 கணக்குப் புத்தகத்தில் அரிசியும் மீனும் எண்ணெயும் ஏறிக்கொண்டே இருந்தன. கடைக்கார முதலாளி ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. இதை நான் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் நான் செய்த காரியத்தைப் படிக்கும்போது இதை நீங்கள் மறந்துவிடக்கூடாது.

2023-ஆம் ஆண்டு தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன் அந்தச் சுவர் காணாமல் போனது. இடிக்கவில்லை. அதன்மேல் இரும்புச் சட்டம் அடித்து, பதினாறடி அகலமும் பத்தடி உயரமும் கொண்ட எல்.இ.டி. விளம்பரத் திரை ஒன்றை மாட்டிவிட்டார்கள். பெயர், ஆண்டு, பூவேலை, இரண்டு சன்னல் எல்லாம் அதற்குப் பின்னால் போய்விட்டன. கைத்தொலைபேசி, கோழிப்பொரியல், தவணைக்கு மோட்டார் சைக்கிள் என்று மாறி மாறிப் படம் ஓடியது. முதல் நாள் மக்கள் சாலையோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன். பொய் சொல்வானேன்?

விளம்பரத்துக்கு நான் விரோதி இல்லை. சின்ன வயதில் எங்களுக்கு அதுதானே பொழுதுபோக்கு! சுவரில் எழுதிய சவர்க்கார விளம்பரம், தகரத்தில் அடித்த தேயிலை விளம்பரம், படக்கொட்டகை வாசலில் கதாநாயகன் முகம். ஆனால் அவையெல்லாம் சுவரோடு சுவராகக் கிடந்தன. வெயிலில் வெளுத்தன, மழையில் உரிந்தன. இந்தத் திரை அப்படியில்லை.

எதிர் வரிசையில், மாடி அறை ஒன்றில் எங்கள் தோட்டத்து அக்கா ஒருவர் வாடகைக்கு இருக்கிறார். தோட்டத்தை விற்றபோது லயத்தைக் காலி செய்து பட்டணத்துக்கு வந்தவர். வயது எழுபதுக்கு மேல். ஒரு நாள் பார்க்கப் போனபோது, சன்னலில் இரண்டு கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். "ராத்திரி பன்னெண்டு மணிக்கும் செவப்பு, நீலம், செவப்பு, நீலம்னு செவுத்துல ஓடுது டீச்சர். கண்ண மூடினாலும் ஓடுது. கம்பளியப் போட்டா காத்து வரல. எடுத்தா தூக்கம் வரல" என்றார்.

அந்தக் கடை முச்சந்தியில் இருக்கிறது. சமிக்ஞை விளக்கின் சிவப்பும் திரையின் சிவப்பும் ஒரே நேர்க்கோட்டில் விழும். என் மாணவன் ஒருவனின் தகப்பனார் மழை இரவொன்றில் அங்கே மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டுக்கொண்டார். வெளிச்சம் கண்ணை அடித்துவிட்டது என்று அவர் சொன்னார். மழைத் தண்ணீரும் காரணமாக இருக்கலாம். நான் நேரில் பார்க்கவில்லை.

இதற்கெல்லாம் ஏதாவது சட்டம் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் படித்த பெண்ணொருத்தி வேறு ஊரில் ஊராட்சி மன்றத் திட்டமிடல் பிரிவில் வேலை செய்கிறாள். அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் எனக்கு வகுப்பு எடுத்தாள். மாணவியிடம் பாடம் கேட்பது ஒரு சுகம், வாசகர்களே. அதைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் உங்களுக்குச் சொல்கிறேன். கட்டடம் நம்முடையதானாலும் அதன் முகத்தில் எதை வேண்டுமானாலும் மாட்டிவிட முடியாது. விளம்பரப் பலகைக்கு ஊராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் கீழ் அந்தந்த மன்றம் வகுத்த துணைவிதிகள் இதற்கு இருக்கின்றன. பலகையில் தேசிய மொழி முதன்மையாக இருக்க வேண்டும் என்ற விதி நம் கடைக்காரர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் பலகை எவ்வளவு பெரிதாக இருக்கலாம், எதை மறைக்கக்கூடாது, எவ்வளவு வெளிச்சம் விடலாம் என்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

வெளிச்சக் கணக்கைக் கேட்டபோது நான் மலைத்துப் போனேன். இந்தத் திரை முழுவதும் சிவப்பு, பச்சை, நீலம் என்று பொட்டுப் பொட்டாக விளக்குகள். பகலில் நம் நாட்டு வெயிலை எதிர்த்துப் படம் தெரிய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்கு ஐயாயிரம் கண்டேலாவும் அதற்கு மேலும் வெளிச்சம் விட வேண்டுமாம். இரவில் அவ்வளவு தேவையே இல்லை. இங்கிலாந்தில் வெளிச்சப் பொறியாளர்கள் வகுத்த வழிகாட்டியில், இரவு நேரத்துக்குச் சில நூறு கண்டேலாதான் வரம்பு. வெளியே இருட்டியதை உணர்ந்து தானாகக் குறைக்கும் கருவியைத் திரையில் பொருத்தலாம். பெரிய செலவும் இல்லை. அங்கே படம் அசையக்கூடாது, ஒரு படம் குறைந்தது பத்து விநாடியாவது நிற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் பெரும்பாலும் அனுமதி கொடுப்பார்களாம். விளம்பரத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்பதைப் பற்றி அதிகாரி கவலைப்படக்கூடாது. ஊரின் அழகு கெடுகிறதா, பொதுமக்கள் பாதுகாப்பு கெடுகிறதா என்ற இரண்டை மட்டுமே பார்க்க வேண்டும். இது எனக்கு நியாயமாகப் பட்டது. பிரேசில் நாட்டின் சாவ் பாவ்லோ நகரம் 2007-இல் வெளிப்புற விளம்பரங்களையே தடை செய்துவிட்டது என்றும் சொன்னாள். அது நமக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

பள்ளிப் பிள்ளைகளோடு பினாங்குக்குச் சுற்றுலா போனபோது ஜார்ஜ்டவுன் கடைத்தெருவில் நடந்த ஞாபகம் அப்போது வந்தது. பாட்டும் சாம்பிராணிப் புகையும் நிறைந்த அந்தத் தெருவிலும் கடைவீடுகளின் மாடி முகம் தெரியும். பக்கத்தில் 1833-ஆம் ஆண்டு மகாமாரியம்மன் கோயில். அந்த வட்டாரம் மலாக்காவோடு சேர்ந்து 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அந்தப் பகுதிக்கென்றே தனித் திட்டம் ஒன்று 2016-இல் அரசிதழில் வெளியானது. பெயர்ப் பலகை எப்படி இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவை 1989-இலேயே பாதுகாப்பு வட்டாரமாக்கிவிட்டார்கள். அங்கேயும் பலகை கட்டட வேலைப்பாட்டை மறைக்கக்கூடாது.

நம் பட்டணம் எந்தப் பட்டியலிலும் இல்லை. 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் யாராவது எடுத்துச் சொல்லிப் பட்டியலில் ஏற்றினால்தானே காவல் கிடைக்கும்? தோட்டத்து மக்கள் சாமான் வாங்கிய ஒரு மளிகைக் கடையை யார் எடுத்துச் சொல்வார்கள்?

கட்டுப்பாடு என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். "என் வீடு, என் சுவர்" என்பார்கள். ஆனால் நாம் மழைக்கு ஒதுங்கும் அஞ்சடியே ஒரு கட்டுப்பாட்டின் பிள்ளைதான். 1822-இல் சிங்கப்பூருக்கு நகர்த் திட்டம் வகுத்தபோது, ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் கூரை போட்ட நடைபாதை தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று ராபிள்ஸ் விதித்தார். அந்த வழக்கம் தீபகற்பத்துப் பட்டணங்களுக்கும் பரவியது. கடைக்காரர் தம் சொந்த நிலத்தில் ஐந்தடியை ஊருக்கு விட்டுக் கொடுத்தார். அதனால்தான் என் அப்பா என்னை நிழலில் நிறுத்திப் படிக்க வைக்க முடிந்தது.

இதையெல்லாம் கேட்டபின் எனக்கு வேகம் வந்துவிட்டது. 2024 ஜனவரியில் மனு ஒன்று எழுதினேன். அக்காவின் தூக்கம், முச்சந்தி ஆபத்து, மறைந்துபோன பெயர் மூன்றையும் எழுதி, பெற்றோர்களிடமும் அஞ்சடி வியாபாரிகளிடமும் முப்பத்தொரு கையெழுத்து வாங்கி மன்றத்தில் கொடுத்தேன். ஒன்று மட்டும் செய்யவில்லை. கடைக்குப் போய் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாத்தாவின் கடையை இப்போது நடத்துபவர் அவர்தான். பள்ளியில் எனக்கு மூன்று வருடம் மூத்தவர். வெட்கமா, பயமா, எதுவென்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. முதலில் அவரிடம்தான் போயிருக்க வேண்டும்.

அதிகாரிகள் வந்து அளந்தார்கள். அனுமதி வாங்கியது பத்தடிக்கு நாலடிப் பலகைக்கு. மாட்டியிருந்தது அதைப்போல் நான்கு மடங்கு. விளம்பரக் கம்பெனிக்காரர்கள் அண்ணனிடம் "எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அறிக்கை ஒட்டினார்கள். கடிதம் போயிற்று, பதில் வந்தது. ஜூலையில் ஒரு நாள் பாரந்தூக்கி வந்து திரையைக் கழற்றிக்கொண்டு போனது. அன்றிரவு அக்கா கம்பளியைக் கழற்றிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்க மாட்டேன்.

மறுவாரம் அண்ணன் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசல் மரத்தடியில் நின்றபடியே பேசினார்.

"கூரை ஓடு எண்பது வருசத்துக்கு மேல ஆச்சு டீச்சர். உத்தரத்துல கரையான். மாத்தணும்னா எவ்வளவு ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா? அந்தத் திரைக்காரன் மூணு வருச வாடகைய வச்சு முன்பணம் கொடுத்தான். அத வச்சுத்தான் பின்பக்கத்துக் கூரைய மாத்தினேன். இப்ப முன்பணத்தத் திருப்பிக் கேக்கிறான். முன்பக்கம் அப்படியே கெடக்கு."

நான் ஏதோ சட்டம், பாதுகாப்பு என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க சொல்றது சரிதான். நான் இல்லங்கல. ஆனா உங்க அப்பா கணக்கப் பத்தி எங்க தாத்தாவோ அப்பாவோ வெளியில ஒருத்தர்கிட்ட வாய் திறந்ததில்ல. அவர்கிட்டத்தான் சொல்வாங்க. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது."

போய்விட்டார். அன்று நான்காம் வகுப்புக்கு என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை.

அன்றிலிருந்து இந்தக் காரியத்தைப் பல கோணத்தில் யோசித்துப் பார்க்கிறேன். இந்தப் பழைய கடைகள் ஏன் இத்தனை காலம் நின்றன தெரியுமா? 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு முக்கியக் காரணம். 1948 ஜனவரி 31-க்குள் கட்டி முடித்த கட்டடங்களுக்கு அந்தச் சட்டப்படி வாடகையை உயர்த்த முடியாது. இடித்துக் கட்டுவதும் எளிதில்லை. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தச் சட்டம் முடிவுக்கு வந்தது. அப்புறம் ஒவ்வொரு கடைவீடும் தன் சோற்றைத் தானே தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஜார்ஜ்டவுனில் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கத் 'திங்க் சிட்டி' என்ற அமைப்பு 2009 வாக்கில் மானியம் கொடுக்கத் தொடங்கியது. அங்கே கையைக் கட்டியவர்கள் வாய்க்கும் கொஞ்சம் கொடுத்தார்கள். எங்கள் பட்டணத்து அண்ணனுக்கு நான் வாங்கிக் கொடுத்தது கட்டு மட்டும்தான்.

அதற்காகத் திரை அங்கேயே இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இன்று நடந்தாலும் மனு எழுதுவேன். ஆனால் அண்ணனிடம் முதலில் போவேன். பெரிய திரைக்குப் பதில் அனுமதியுள்ள அளவில், சன்னலுக்குக் கீழே, இரவு பத்து மணிக்கு அணைக்கும் பலகை ஒன்று வைத்துக்கொள்ள முடியுமா என்று அந்தக் கம்பெனியோடு சேர்ந்து பேசிப் பார்த்திருக்கலாம். வாடகை குறைவாகத்தான் வந்திருக்கும். சுத்தமாக இல்லாமல் போனதற்கு அது மேல் இல்லையா?

திரையைக் கழற்றிய பின் சுவரைப் போய்ப் பார்த்தேன். இந்தப் பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. ஈரத்தை உள்ளே வாங்கி, வெயிலில் வெளியே விடும் சுவர்கள். ஒன்பது மாதம் இரும்பும் பிளாஸ்டிக்கும் மூடிக் கிடந்ததில் சாந்து பாளம் பாளமாக உப்பியிருந்தது. சட்டத்தைத் தாங்கிய போல்ட்டுகளைப் பிடுங்கிய இடத்தில் பன்னிரண்டு ஓட்டைகள். அவற்றில் ஒன்று சரியாக ழகரத்தில் விழுந்திருக்கிறது. கீழ்ச்சுழி உடைந்து போய்விட்டது. தெரியாதவர்கள் பார்த்தால் அதை என்ன எழுத்து என்று சொல்ல மாட்டார்கள்.

போன மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை மாலை, சம்பளத்தில் முந்நூறு வெள்ளி எடுத்து உறையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். இது அவருக்கு எந்த மூலைக்கு என்பது எனக்கும் தெரியும். கல்லாவில் அண்ணன் இருந்தார். உறையை நீட்டினேன். கூரைக்கு என்றேன். அவர் வாங்கவில்லை.

"எதுக்கு டீச்சர் இதெல்லாம்?"

"சும்மா வேணாம்ண்ணே. கணக்குல எழுதிக்குங்க. எங்கப்பா பேர்ல."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "இப்ப யாரு 555 புத்தகம் வச்சிருக்கா? எல்லாம் கைத்தொலைபேசிலதான்" என்றார். சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது. உறை மேசையின்மேல் அப்படியே இருந்தது. அவரும் தொடவில்லை, நானும் திரும்ப எடுக்கவில்லை.

பிறகு அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு, "மழ விடட்டும். உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். முன்பக்கத்துக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒரு நீல வாளியில் விழுந்துகொண்டிருந்தது. வாளி நிறைந்ததும் அவர் எழுந்து போய் அதை அஞ்சடிக்கு வெளியே ஊற்றிவிட்டு வந்தார்.